சித்திரை மாதம் அடுப்பில் என்ன இருந்தது: வேதாரண்யம் பக்கம் ஒரு குடியிருப்பில் வீட்டுத்தோட்டம், 2019–2021

பின்னணி

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அடுத்த ஆண்டு ஆனி மாதம், ஒரு தொண்டு நிறுவனத்தின் வீட்டுத்தோட்டத் திட்டத்துக்காக நாங்கள் இந்தக் குடியிருப்புக்குப் போனபோதும் விழுந்த தென்னைகள் பல அப்படியே கிடந்தன. மொத்தம் 26 குடும்பங்கள். நடவு, அறுவடை, தென்னந்தோப்பு வேலை, கோடையில் உப்பளம் என்று கிடைத்த கூலியில் ஓடிய வாழ்க்கை. தோப்பு போனதும் தோப்பு வேலையும் போனது. வீட்டுக் கொல்லையில் நின்ற இரண்டு மரமும் போனதால் குழம்புக்குத் தேங்காய், கூரைக்குக் கீற்று, துடைப்பத்துக்கு ஈர்க்கு எல்லாமே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டன.

26 குடும்பங்களில் 11 குடும்பங்களைப் பெண்கள் தனியாக நடத்தினார்கள். கணவர் இறந்தவர்கள், கணவர் விட்டுப்போனவர்கள். நான்கு வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு பாட்டி மட்டும் இருந்தார். 17 குடும்பங்களுக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா உண்டு. மற்ற ஒன்பது குடும்பங்கள் ஒரு தோப்புக்காரரின் நிலத்து ஓரத்தில், அவர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியில் குடியிருந்தன. இந்த வேறுபாடு முதல் நாளே எங்கள் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. ஏறியதோடு சரி, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அரிசிக்குப் பஞ்சமில்லை. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இல்லாமல் போனது சோற்றோடு சேரும் காயும் கீரையும். முதல் வாரம் வீடு வீடாகப் போய் "நேத்து என்ன சமைச்சீங்க?" என்று கேட்டோம். 19 வீடுகளில் வெங்காயம், தக்காளி, புளி தவிர வேறு காயே இல்லை. கருவாடு இருந்தால் கருவாட்டுக் குழம்பு, இல்லையென்றால் ரசம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தத் தெருவில் அதைப் பார்க்கக் கணக்கெடுப்பு தேவைப்படவில்லை.

நான் அப்போது ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர். வெளியூர் நிதியில் 18 மாத வேலை. ஒப்புக்கொண்ட இலக்கு இது: ஒவ்வொரு குடும்பமும் வீட்டோடு ஒட்டிய இடத்தில் 12 வகைக் காய்கறி, கீரை பயிரிட வேண்டும்.

முதலில் பார்த்தது, பார்க்காமல் விட்டது

மண் மணல் கலந்த சாம்பல் நிறம். வெயில் காலத்தில் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். தெருவுக்குப் பொதுவாக ஒரு கைப்பம்பு. மாசி வரை அதன் தண்ணீரைக் குடிக்கலாம், பங்குனியில் உப்புக் கரிக்கத் தொடங்கும். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. குழாய் திறந்ததும் ஆளுக்கு ஆறு குடம், அதற்கு மேல் எடுத்தால் சண்டை. ஆடு இல்லாத வீடு குறைவு.

இவ்வளவையும் எழுதினோம். ஆனால் எங்கள் படிவத்தில் "தோட்டம் உள்ளதா?" என்று ஒரு கேள்வி இருந்தது. 26 வீட்டில் 24க்கு "இல்லை" என்று எழுதினேன். பிறகுதான் புரிந்தது. கூரைமேல் சுரைக்கொடி ஏறிய வீடு அதில் உண்டு. குளிக்கும் மறைப்புக்குப் பின்னால் தானாக முளைத்த பொன்னாங்கண்ணி பச்சென்று படர்ந்த வீடு உண்டு. வேலியில் ஒடித்து நட்ட அகத்தி நின்ற வீடும் உண்டு. பாத்தி கட்டியிருந்தால்தான் தோட்டம் என்று நினைத்த எங்கள் கண்ணுக்கு அவை தோட்டமாகத் தெரியவில்லை. அவர்களும் அதைத் தோட்டம் என்று சொல்லவில்லை. "அதுவா, சும்மா கெடக்கு" என்றார்கள்.

ஆடியில் எடுத்த முடிவுகள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஊரறிந்த மொழி. அதனால் 2019 ஆடியில் தொடங்கினோம். அங்கன்வாடி வாசலில் மூன்று சனிக்கிழமை பயிற்சி. ஒரு வீட்டுக்குப் பத்தடிக்குப் பத்தடியில் மூன்று பாத்தி. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கொத்தவரை, அவரை, புடலை, பாகல், தண்டுக்கீரை, சிறுகீரை, முள்ளங்கி, பீட்ரூட் என்று 12 விதைப் பொட்டலம். மாட்டுச்சாணம், கோமியம் வைத்துக் கரைசல் தயாரிக்கவும் கற்றுக்கொடுத்தோம். தெருவில் மாடு இருந்ததோ மூன்றே வீட்டில்.

பட்டா உள்ள 17 வீடுகளுக்கும் வீட்டுக்கு மூன்று வீதம் 51 முருங்கைக் கன்று கொடுத்தோம். விழுந்த தென்னையின் மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வேலி போட்டார்கள். செலவே இல்லாத வேலி என்று அறிக்கையில் பெருமையாக எழுதினேன்.

மற்ற ஒன்பது வீடுகளுக்கு முருங்கை கொடுக்க முடியவில்லை. தோப்புக்காரர் நேராகவே சொன்னார்: "செடி வச்சுக்கங்க, மரம் மட்டும் வேண்டாம்." அவர் பயம் புரியாததல்ல. மரம் வேர்விட்டால் நாளை அதைக் காட்டி நிலத்தில் உரிமை கேட்பார்கள் என்று நினைத்தார். அவரோடு வாதாடினால் ஒன்பது வீட்டுக்கும் இருக்கும் இடமே சிக்கலாகும். ஆகவே அவர்களுக்குச் சாக்கில் மண் நிரப்பிச் செடி வைப்பது என்று முடிவு செய்தோம். அது கையில் இருந்த ஒரே வழி என்பதால் எடுத்த முடிவு. அது சரிப்படும் என்ற நம்பிக்கை யாருக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

முருங்கை நடும் நாளில் பேரப்பிள்ளைகளோடு இருந்த ஓர் ஆயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, முருங்கைக்குக் காலு நனையக் கூடாது. மேடு கட்டாம வச்சா ஐப்பசி தாங்காது." கையேட்டில் ஒன்றரை அடிக் குழி என்று இருந்தது. நான் அதையே சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் தன்னுடைய மூன்று கன்றையும் கஜாவில் இடிந்த மண்சுவர்க் குவியலின் மேல் வைத்தார். "வழிகாட்டலைப் பின்பற்றவில்லை" என்று எங்கள் பையன் ஒருவன் அந்த வீட்டுக்கு நேரே குறித்தும் வைத்தான்.

ஐப்பசி முதல் தை வரை

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. கீழே இறுகிய மண், மேலே மணல். நாங்கள் தோண்டச் சொன்ன குழி ஒவ்வொன்றும் சின்னக் கிணறாகத் தண்ணீர் கட்டி நின்றது. மார்கழியில் எண்ணியபோது 51 கன்றில் 13 மிச்சம். அவற்றில் ஒன்பது ஏதாவது ஒரு மேட்டில் இருந்தவை. ஆயாவின் மூன்றும் அதில் சேர்த்தி.

மழை விட்டதும் பாத்திகள் எழுந்துகொண்டன. தையில் தெருவே பச்சை. வெண்டையும் கத்தரியும் அவரையும் ஒரே நேரத்தில் காய்த்தன. நிதி கொடுத்தவர்கள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் 12 வகையும் இருந்தது, அந்த வீட்டின் படம்தான் அறிக்கையின் அட்டையில் வந்தது. தையில் சந்தையிலும் காய் மலிவுதான் என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கீரையில்தான் முதல் சிக்கல் தெரிந்தது. தண்டுக்கீரை பறிக்காமல் முற்றிப் பூவெடுத்தது. இரும்புச்சத்து பற்றி இன்னொரு வகுப்பு எடுத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள், கீரை மேலும் முற்றியது. எங்களோடு வேலை செய்த பெண் ஊழியர் ஒரு நாள் கிணற்றடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து காரணம் சொன்னார். நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போகிற பெண் காலையில் பழையதோ இட்லியோ முடித்துவிட்டு ஓடுகிறார். பிள்ளைகளுக்கு மதியம் பள்ளியில் சத்துணவு. உலை வைத்துக் குழம்பு காய்ச்சுவது சாயங்காலம்தான். ராத்திரியில் கீரை தின்னக்கூடாது என்பது அங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவான வழக்கம். அப்படியென்றால் கீரை சமைக்க வாரத்தில் ஒரு நாள்தான் மிச்சம், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மீன் கிடைத்தால் மீன்தான்.

இதை ஆறு மாதம் முன்பே ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டிருக்கலாம். "என்ன சமைச்சீங்க" என்று கேட்ட நாங்கள் "எப்போ சமைச்சீங்க" என்று கேட்கவில்லை.

தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்ததும் ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அது அந்த ஊரின் காலங்காலமான முறை, அறுத்த வயலின் தாளில் மேய்ந்தால் ஆட்டுக்குத் தீனி, வயலுக்குப் புழுக்கை. செலவில்லாத எங்கள் மட்டை வேலி அதற்குள் கறையான் ஏறி உளுத்திருந்தது. இரண்டே இரவில் ஆறு தோட்டம் தரைமட்டம். ஆடும் அதே குடும்பங்களுடையது என்பதால் யார் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் எங்களைத் திட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது.

பங்குனி, ஊரடங்கு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பங்குனி பாதி. வாரச்சந்தை நின்றது, கூலி வேலை நின்றது. எங்களாலும் ஜூன் வரை போக முடியவில்லை. செய்ய ஒன்றும் இல்லாததால் தினமும் ஏழெட்டு வீட்டுக்கு போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "இன்னிக்கு அடுப்புல என்ன?" பதிலை ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைத்தேன். அந்த 18 மாதத்தில் நாங்கள் சேர்த்த தகவல்களில் உருப்படியானது அந்த நோட்டு ஒன்றுதான்.

பாத்திகள் எல்லா வீட்டிலும் செத்துப்போயிருந்தன. பத்தடிக்குப் பத்தடிப் பாத்திக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழம் தண்ணீர் விடுவது என்றாலே 46 லிட்டர், அதாவது மூன்று குடம். மூன்று பாத்திக்கு ஒன்பது குடம். குழாய் திறந்தால் கிடைப்பது ஆறு, அதுவும் இரண்டு நாளுக்கு. கைப்பம்பில் உப்பு. இந்தக் கணக்கை ஆடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் மூன்று பாத்தி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் சில வீடுகளில் அடுப்பில் காய் இருந்தது. எங்கே என்று பார்த்தால் எல்லாம் எங்கள் பாத்திக்கு வெளியே. குளிக்கும் மறைப்பின் பின்னால் வாழை வைத்திருந்த வீட்டில் ஒரு நாள் வாழைப்பூ, ஒரு நாள் தண்டு. அதே ஈரத்தில் கொடிப்பசலை. மண்சுவர் மேட்டில் நின்ற ஆயாவின் முருங்கை பங்குனியில் முதல் காய் காய்த்து அக்கம்பக்கம் நான்கு வீட்டுக்குப் போனது. வேலியில் நின்ற அகத்தியைப் பறித்தார்கள், ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்கள் தொடவில்லை, அகத்தி மருந்தை முறிக்கும் என்ற நம்பிக்கையால். மூன்று வீட்டில் கொத்தவரை வத்தல் பானையில் இருந்தது. தையில் மிஞ்சிய எங்கள் கொத்தவரையை அவர்களாகவே மோரில் ஊறவைத்துக் காயவைத்திருந்தார்கள். வத்தல் போட எங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பதில் ஒன்று. இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் ஒரு பெண். உப்பள வேலைக்கும் இறால் வேலைக்கும் போகிறவர் என்பதால் சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றுக்கும் வந்ததில்லை. பாத்தியையும் புரட்டாசியிலேயே விட்டுவிட்டார். எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "பங்கேற்பு குறைவு" என்று இருந்தது. ஊரடங்கில் மூன்றாவது வாரம் அவருக்குப் போன் போட்டேன்.

"பறங்கிக்காய்க் கூட்டு சார்."

"பறங்கிக்காய் எங்கக்கா கிடைச்சுது? சந்தை இல்லையே."

"வீட்லதான் சார். கட்டிலுக்கு அடியில பதினொண்ணு போட்டு வச்சிருந்தேன். நாலு அக்கம்பக்கம் குடுத்தாச்சு."

அவர் அம்மா காலத்து விதை. விழுந்த தென்னை மரத்தின்மேல் மூன்று கொடியை ஏற்றிவிட்டிருந்தார், மரம் கிடந்ததால் ஆடு உள்ளே நுழைய முடியவில்லை. மழைத் தண்ணீரிலேயே வளர்ந்து தையில் காய்த்தது. நன்றாக முற்றவிட்டுக் காம்போடு அறுத்து, தரையில் ஈரம் படாமல் வைக்கோல் போட்டு அடுக்கிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீர் ஊற்றாமல், வேலிக்குச் செலவு செய்யாமல், ஒரு பயிற்சிக்கும் வராமல் அவர் சித்திரைக்கு வேண்டியதைத் தையிலேயே சேர்த்துவிட்டார்.

நோட்டைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் தையை நோக்கி வேலை செய்திருந்தோம். அந்தத் தெருவுக்குப் பசி வருவது தையில் அல்ல. பங்குனி முதல் வைகாசி வரை வரும், பிறகு வேலைக்குப் போக முடியாமல் மழை அடைத்துக்கொள்ளும் கார்த்திகையில் வரும்.

ஆனியில் மாற்றியவை

2020 ஜூனில் திரும்பப் போனதும் தெருவைக் கூட்டி நோட்டைப் படித்துக் காட்டினோம். யார் வீட்டில் என்றைக்கு என்ன சமையல் என்று கேட்டதும் சிரிப்பும் கேலியுமாகக் கூட்டம் கலகலத்தது. அதன் பிறகு எடுத்த முடிவுகள் எங்களுடையவை என்பதைவிட அவர்களுடையவை என்று சொல்வதே நேர்மை.

மூன்று பாத்தியை ஒன்றாக்கினோம். அதுவும் புரட்டாசிக்கு மேல், மழையை நம்பி மட்டும். கோடையில் பாத்தியே வேண்டாம்.

குளிக்கும் இடத்திலிருந்தும் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்தும் தண்ணீர் ஓடி விழும் இடத்தில் குழி எடுத்து, குப்பையும் தென்னை மட்டைத் துண்டும் நிரப்பி, ஓரத்தில் வாழை, சேம்பு, கொடிப்பசலை. நாலு பேர் குளிக்கும் வீட்டில் நாளுக்கு 60, 70 லிட்டர் தானாகவே அங்கே போகிறது. இதில் ஒரு தவறு செய்தோம். முதல் இரண்டு வீட்டில் துணி துவைக்கும் தண்ணீரையும் சேர்த்துவிட்டோம். ஒரு மாதத்தில் பசலை இலையின் ஓரம் கருகியது, குழி மண் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு இறுகியது. ஏற்கனவே உப்பு மண், அதில் சலவைச் சோடா வேறு. பிறகு துணி தண்ணீரைத் தனியாகத் திருப்பிவிட்டோம்.

முருங்கைக்கு இரண்டடி மேடு. நாற்றங்கால் கன்று வாங்கவில்லை, ஆயாவின் மரத்தை மழைக்கு முன் கவாத்து செய்து, வெட்டிய கிளைகளை, அதாவது போத்துகளையே நட்டோம். எங்கே மேடு, எவ்வளவு சாய்த்து நடுவது என்று அவரே தெருவில் நடந்து காட்டினார். அவருக்குப் பயிற்றுநருக்கான தினப்படியைக் கொடுத்தோம். வாங்கிக்கொள்ள முதலில் கூச்சப்பட்டார், இரண்டாவது நாள் நேரத்துக்கு வந்து நின்றார்.

வேலிக்குக் கிளுவைப் போத்தும் ஆடாதொடையும். ஆடு தொடாது என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். உயிர்வேலி அடைத்துக்கொள்ள இரண்டு மழை பிடிக்கும். அதுவரை மாசி முடியும்வரை ஆட்டைக் கட்டிப்போடுவது என்று கூட்டத்தில் பேசி ஒப்புக்கொண்டார்கள். பாதிப் பேர் கடைப்பிடித்தார்கள்.

பறங்கி விதை அந்தப் பெண்ணிடமிருந்து எல்லா வீட்டுக்கும் போனது. விலைக்குத்தான் வாங்கினோம். கடை விதைக்குக் கொடுத்த காசை அவருக்குக் கொடுக்க என்ன தயக்கம்? அந்த ஆண்டுக் கடை விதையில் தக்காளி பாதிக்குமேல் முளைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீரைக்கு வகுப்பு எடுப்பதை நிறுத்தினோம். ராத்திரிக் கீரை கூடாது என்பது மூடநம்பிக்கை என்று பேசி யாரையும் மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய அவசரமும் இல்லை. முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கேழ்வரகு அடை தட்டினால் காலையிலேயே முடிந்துவிடுகிறது, வேலைக்கும் கட்டி எடுத்துப்போகலாம். இதைச் சொன்னதும் தெருப் பெண் ஒருவர்தான். ராத்திரிக் குழம்புக்குச் சுரை, பறங்கி, வாழைக்காய்.

நிதி கொடுத்தவர்களிடம் 12 வகை என்ற இலக்கை மாற்றக் கேட்டோம். ஒப்புதல் ஆவணத்தில் உள்ளதை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. நான்கைந்து மின்னஞ்சலுக்குப் பிறகு, பழைய அட்டவணையோடு "கோடை மாதங்களில் சமையலில் காய் இருந்த நாட்கள்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். பழைய அட்டவணையில் எங்கள் எண் இறங்கியது. அதைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதமும் எழுத வேண்டியிருந்தது.

புரெவிக்குப் பின்

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல். மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்துவிட்டாலும் மழை டெல்டா முழுக்கக் கொட்டியது. தெருவில் ஐந்து நாள் முழங்கால் தண்ணீர். பாத்திகள் போயின. பிஞ்சு பிடித்திருந்த பறங்கிக்கொடிகள் அழுகின. மேட்டில் வைத்த முருங்கைப் போத்துகளில் பெரும்பாலானவை தப்பின. சேம்பு தண்ணீரிலேயே நின்றது, அதன் சுபாவம் அது. அகத்தியும் நின்றது. வாழை இரண்டு வீட்டில் சாய்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் பறங்கியை மறுபடி ஊன்றினார்கள். 2021 ஜனவரியிலும் பருவம் தப்பிய மழை வந்து அறுவடைக்கு நின்ற சம்பாவையே நாசம் செய்தது, பறங்கியில் ஒரு பகுதியும் போனது. எங்கள் திட்டம் டிசம்பரோடு முடிந்துவிட்டிருந்தது.

சித்திரையில் சொந்தச் செலவில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பட்டா உள்ள 17 வீட்டில் 12 வீட்டில் அந்த வாரம் ஏதாவது ஒரு காயோ கீரையோ வீட்டிலிருந்தே அடுப்புக்குப் போயிருந்தது. பெரும்பாலும் முருங்கை, பசலை, வாழை. கட்டிலடிப் பறங்கி எல்லா வீட்டிலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன், நான்கு வீட்டில்தான் இருந்தது. ஐந்து வீட்டில் ஒன்றுமே இல்லை. அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் குழியைத் தூர்த்துவிட்டார்கள், கொசு என்று. கொசு பற்றிய அந்தக் குறை நியாயமானது. குழியை மூடி, குப்பையை மேலே மேலே நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லாதது எங்கள் பிழை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுத்த இடத்தில் முதல் ஆண்டு விதைப் பொட்டலம் கொடுக்க மாட்டேன். முதலில் ஒரு பங்குனியும் ஒரு கார்த்திகையும் அடுப்பைப் பார்த்து எழுத வேண்டும். 18 மாதத் திட்டத்தில் இதற்கு இடம் கிடைக்காது, 30 மாதமாவது கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேலையைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

பயிற்சி நேரத்தை உப்பளத்துக்குப் போகிற பெண்ணை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். சனிக்கிழமை பகல் வரமுடிந்தவர்கள் அன்று கூலிக்குப் போகாமல் இருக்க முடிந்தவர்கள். மிகவும் நொடித்த குடும்பங்கள் முதல் சல்லடையிலேயே வெளியே விழுந்துவிட்டன.

தண்ணீர்க் கணக்கைக் குடத்தில் போட வேண்டும், லிட்டரில் அல்ல. யார் தலையில் எத்தனை குடம் ஏறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

"தோட்டம் உள்ளதா" என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். கொல்லையைச் சுற்றி வந்து, தின்னக்கூடியது எதுவெல்லாம் நிற்கிறது என்று அந்த வீட்டுப் பெண்ணையே காட்டச் சொல்வது போதும். அரை மணி நேரம் ஆகும்.

நிலமில்லாத ஒன்பது குடும்பம்

இதைத் தனியாக எழுதக் காரணம், பறங்கி விதையைத் தவிர மேலே சொன்ன எந்த மாற்றமும் இவர்களுக்கு எட்டவில்லை. சாக்குத் தோட்டம் முதல் கோடையிலேயே முடிந்தது. நான்கு பக்கமும் வெயில் படும் சாக்கில் மண் பாத்தியைவிடச் சீக்கிரம் காயும், அதற்குப் பாத்தியைவிட அதிகம் தண்ணீர் வேண்டும். குளியல் தண்ணீர்க் குழியும் வாழையும் வைக்கலாமா என்று தோப்புக்காரரிடம் கேட்டோம், வாழையும் மரம்தான் என்றார். அங்கன்வாடிக்குப் பின்னால் பொது இடத்தில் ஒரு துண்டு கேட்டு எழுதிக்கொடுத்ததற்குப் பதில் வரவில்லை. மனைப்பட்டா கேட்டு ஒன்பது பேரும் சேர்ந்து கொடுத்த மனு நான் கடைசியாகப் போனபோதும் நிலுவையில்தான் இருந்தது. இரண்டு குடும்பங்கள் மட்டும் பட்டா உள்ள உறவினர் கொல்லையில் ஆளுக்கொரு முருங்கை வைத்துப் பங்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சித்திரையில் தோப்பு ஓரத்து வீடு ஒன்றில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கூரைமேல் பறங்கிக்கொடி ஏறி நாலைந்து காய் மஞ்சள் பூத்துக் கிடந்தது. தோப்புக்காரரின் ஆள் வந்து பார்த்துவிட்டு என்னவோ முணுமுணுத்தார். அந்த அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"கொடிதானே அண்ணே. மரமில்லையே."

அவர் காயை இன்னொருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.